என் மாமியாரும் பனியுக ஏரியும்

கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தபோது என் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு தடித்த புவியியல் புத்தகம் இருந்தது. துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த என் மாமியார் அதை இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இன்னா, சீரோட வந்ததா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புதுப்பெண் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிக்கொண்டது அந்த வீட்டில் அதுவே முதலும் கடைசியும் என்று என் கணவர் பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருஷம் மட்டும் பாக்கி. எங்கள் ஊர் காஞ்சிபுரம். மெட்ராஸில் சித்தப்பா வீட்டில் தங்கித்தான் கல்லூரிக்குப் போய்வந்தேன். சித்தப்பாவுக்கு டெல்லிக்கு மாற்றல் வந்ததும், எனக்குச் செஞ்சியிலிருந்து வரன் வந்ததும் ஒரே சமயத்தில் நடந்தன. பெண் பார்க்க வந்தபோது, "படிப்பை முடிச்சிக்கட்டுமே" என்று மாப்பிள்ளை தானாகவே சொன்னார். அவருடைய அம்மா ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சம்மதம் என்று எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். என் மாமியார் பேசாமலிருந்தால் அதற்கு மறுப்பு என்று பொருள் என்பது செஞ்சிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மறுப்புக்குக் காரணம் படிப்பு இல்லை, தண்ணீர். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்த பின் சாப்பிடுவதில்லை, வடிகட்டாத தண்ணீரைக் குடிப்பதில்லை. என் பிறந்த வீட்டிலும் இதெல்லாம் உண்டுதான். ஆனால் என் மாமியார் அதைச் செய்த விதமே வேறு. கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை இரண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிப்பார். துணியில் தங்கியதை, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும், வடித்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி ஒரு செம்பில் அலசி எடுப்பார். அதிலே எத்தனையோ உயிர்கள் இருக்கும், அவை எந்தத் தண்ணீரில் பிறந்தனவோ அந்தத் தண்ணீருக்கே திரும்பிப் போகவேண்டும் என்பது கணக்கு. மேலேயிருந்து கொட்டினால் அடிபடும் என்று செம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார். செம்பின் அடியிலும் ஒரு வளையம் இருக்கும், அதிலும் ஒரு கயிறு. செம்பு தண்ணீரைத் தொட்டதும் அடிக்கயிற்றை மெல்ல இழுத்தால் அது கவிழ்ந்து, உள்ளே இருப்பவை தங்கள் வீட்டுக்கு நடந்து போவதுபோலப் போய்விடும். ஒரு கிணற்றில் எடுத்ததை இன்னொரு கிணற்றில் விட்டால் அவை சாகும், அந்தப் பாவம் நமக்கு. இதில் மட்டும் அவரிடம் சமாதானமே கிடையாது.

சித்தப்பா டெல்லி போய்விட்டதால் இனி நான் ஹாஸ்டலில்தான் தங்கவேண்டும். இப்படிப்பட்டவர் மருமகளை அங்கே எப்படி அனுப்புவார்? "அங்க யாரு வடிகட்டுவாங்க? இருட்டின அப்பறம் மணி அடிச்சிதான் சோறு போடுவாங்களாம். எல்லாரும் துன்னும்போது இவ மட்டும் கைய கட்டிக்கினு குந்தியிருப்பாளா?" என்று மகனிடம் கேட்டார். நான் சமையலறையில் இருந்துகொண்டே, "இருப்பேன்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அதற்கு என்ன பொருள் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

என் கணவர் மல்லாட்டை வியாபாரம் செய்தார். எங்கள் ஊரில் வேர்க்கடலை என்போம், செஞ்சிப் பக்கத்தில் அது மல்லாட்டை. திண்டிவனத்து எண்ணெய் ஆலைகளுக்கும் எங்கள் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருப்பார். ஊரெல்லாம் சுற்றிப் பேரம் பேசுகிறவர், அம்மா முன்னால் மட்டும் பூனைக்குட்டி. "கொஞ்சம் பொறு, நான் பாத்துக்கறேன்" என்று என்னிடம் சொல்லுவார். மே மாதம் வந்துவிட்டது. ஜூன் முடிவதற்குள் கல்லூரியில் போய்ச் சேராவிட்டால் என் இடம் போய்விடும். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செஞ்சியில் மே மாத வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. கோட்டை மலைகளின் பாறைகள் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டதைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும். மத்தியானங்களில் மாமியாரும் நானும் பின்கட்டில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உரிப்போம். ஒருநாள் எனக்கு வீம்பு வந்தது. படிக்க அனுப்பாவிட்டால் போகட்டும், இங்கே படிப்பதை யார் தடுப்பது? புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, உரித்தபடியே உரக்கப் படித்தேன். இங்கிலீஷில் ஒரு வரி படித்து, அதைத் தமிழில் சொல்வேன். அவரைக் கடுப்பேற்றத்தான் செய்தேன். அவரோ கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று விரிந்த பக்கம் ஒரு பழைய ஏரியைப் பற்றியது. ஐரோப்பாவின் வடக்கில் ஒரு காலத்தில் நிலம் முழுக்கப் பனிக்கட்டி மூடியிருந்தது. நம் கோட்டையின் ராஜகிரி மலையை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல தடவை அடுக்கினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு கனம். அது உருக ஆரம்பித்ததும் உருகிய தண்ணீர் பள்ளத்தில் நிறைந்து கடலோடு சேர்ந்தது. பனியின் பாரம் இறங்கியதும் அழுந்திக் கிடந்த நிலம் மெல்ல மேலே எழும்பியது. அப்படி எழும்பிய நிலம் கடலுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது. உள்ளே சிக்கிய உப்புத் தண்ணீர், ஆற்று நீரும் பனி நீரும் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் நல்ல தண்ணீர் ஏரியாக மாறிவிட்டது.

"பாரம் எறங்கினா நிலம் எப்படி எழும்பும்? கல்லு மண்ணு இன்னா பஞ்சு மெத்தையா?" என்றார் மாமியார்.

"கிட்டத்தட்ட அப்படித்தான் அத்தை. மெத்தைமேல மூட்டையை வெச்சு எடுத்தா மெதுவா உப்பும் இல்ல? அதுபோல, ஆனா ஆயிரக்கணக்கான வருஷமா. இன்னும்கூட எழும்பிக்கிட்டுத்தான் இருக்காம்."

கையிலிருந்த மல்லாட்டையை உரிக்காமல் யோசித்தார். பிறகு, "அந்த ஏரிக்கு இன்னா பேரு?" என்று கேட்டார். அந்த ஏரிக்கரை மண்ணில் கிடைத்த ஒரு குட்டி நத்தையின் பெயரைத்தான் ஏரிக்கு வைத்திருந்தார்கள். பருப்பு அளவுதான் இருக்கும் அதன் ஓடு. அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "இங்க மலைக்குக்கூட ராஜா பேரு. அந்த ஊருல நத்தைக்கு மருவாதி குடுத்திருக்காங்க பாரு" என்றார். ஒரு ஏரியை அவ்வளவு சுலபத்தில் ஒருவருக்குப் பிடித்துப்போகும் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. "உப்புத் தண்ணியில இருந்த ஜீவனெல்லாம் இன்னா ஆச்சு?"

நான் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "செத்துப்போயிருக்கும் அத்தை. நல்ல தண்ணியில அதுங்க இருக்காது" என்றேன்.

அவர் உரிப்பதை நிறுத்திவிட்டார். மடியில் கிடந்த தொலிகளை முறத்தில் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார். சாயங்காலச் சாப்பாட்டின்போதும் பேசவில்லை. பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்திராத ஒரு கடலில் செத்த புழுபூச்சிகளுக்காக எங்கள் வீட்டில் ஒரு பெண்மணி துக்கம் காத்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் அன்று சிரித்தேன். ஆனால் விளக்கை வைத்துக்கொண்டு புத்தகத்தை மறுபடி புரட்டினேன், ஏதாவது ஒன்றாவது தப்பித்திருக்குமா என்று.

காலையில் கிணற்றடியில் அவரே கேட்டார். "ஒண்ணுகூடவா பொழைக்கல?"

"கடல்நாய் பொழைச்சிருக்கு அத்தை. கடல் அடைபட்டபோது உள்ளே மாட்டிக்கிட்டதுங்க, நல்ல தண்ணிக்குப் பழகிப்போயி, அந்தப் பக்கத்து ஏரிகளிலே இன்னைக்கும் இருக்குதாம்."

"நாயா?"

"பேர்தான் நாய். மீசை வெச்சு, உருண்டையா, எருமைக்கன்னு கணக்கா இருக்கும்."

"எதுவா இருந்தா இன்னா, பொழைச்சிதே" என்று செம்பை இறக்கினார். அன்று காலையில் எனக்கு இட்லி ஒன்று அதிகமாக விழுந்தது. அதிலிருந்து தினமும் மத்தியானம் முறத்தைப் போடும்போதே, "உன் ஏரிக்கு இன்னா ஆச்சு, படி" என்பார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எப்படியாவது அவரை ஜெயித்துவிடவேண்டும் என்ற வேகம் மட்டும் குறையவே இல்லை.

ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. மலை மலையாகப் பனி என்கிறாயே, அது எப்படி இருக்கும்? ஐஸ் என்பதை அவர் தொட்டதுகூட இல்லை. எங்களவர்களில் கட்டுப்பாடாக இருப்பவர்கள் ஐஸைச் சேர்ப்பதில்லை. தெருவில் ஐஸ்காரன் மணியடித்தால் அவர் கதவைச் சாத்திவிடுவார். நான் இதைக் கணவரிடம் சொன்னபோது, அம்மாவுக்குப் படிப்பைப் புரிய வைத்துவிட்டால் காரியம் பலிக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. என்னிடம்கூடச் சொல்லாமல் ஒருநாள் விடியற்காலைப் பஸ்ஸில் திண்டிவனம் போய், உமி நிரப்பிய கோணியில் ஒரு பெரிய ஐஸ் பாளத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு, மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். பஸ் முழுக்கத் தண்ணீர் சொட்டியதாம், கண்டக்டர் வாயில் வந்தபடி ஏசினாராம். கணவர் சட்டையெல்லாம் உமி.

"துன்றதுக்கு இல்லம்மா. பாக்கறதுக்குத்தான். இவ ஏரிய உனக்குக் காட்டப்போறேன்" என்றார்.

கொத்தனார்கள் சாந்து குழைக்கிற அகலமான இரும்புச் சட்டி ஒன்று பின்கட்டில் கிடந்தது. அதில் ஆற்று மண்ணைக் குழைத்துக் கொட்டி, ஓர் ஓரத்தில் கடலுக்குப் போகும் வழிபோல வாய்க்கால் கீறி, நடுவில் பாளத்தை வைத்தோம். அதன் கனத்தில் மண் அழுந்தியது. மாமியார் தூரத்தில் நின்று பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்து, ஒரு விரலால் தொட்டு, சுட்டதுபோல உதறிக்கொண்டார். "ஐயய்யோ, எரியுதுடா!" என்றார். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மே மாதச் செஞ்சியில் பனியுகம் ரொம்ப நேரம் தாங்கவில்லை. பாளம் சுருங்கச் சுருங்க, பள்ளத்தில் தண்ணீர் தேங்கி வாய்க்கால் வழியாக வழிய ஆரம்பித்தது. சரியான சமயத்தில் நான் மண்ணை எடுத்து வாய்க்காலை அடைத்தேன். "இதோ நிலம் எழும்பிடுச்சு, வழி அடைஞ்சிடுச்சு. இதுதான் என் ஏரி" என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது. இப்போது கேட்டுவிடலாமா என்று கணவரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

மாமியார் முந்திக்கொண்டார். "இது எந்தக் கெணத்துத் தண்ணிடா?"

அவர் விழித்தார். "எது?"

"இந்த ஐஸ்ஸு. எந்தத் தண்ணியில செஞ்சாங்க?"

"பேக்டரில செஞ்சதும்மா."

"பேக்டரி இன்னா வானத்துலேர்ந்தா தண்ணி எடுக்குது? அங்க பொறந்த ஜீவனுங்க இதுக்குள்ள மாட்டிக்கினு இருக்கும். நீ உருக்கி இங்க உட்டுட்டே. இப்ப எங்க கொண்டுபோயி உடறது?" என்று கேட்டபடியே துணியை எடுத்து வந்துவிட்டார்.

உறைந்ததில் எது உயிரோடு இருக்கும் என்று வாதாடிப் பார்த்தேன். "நீ பாத்தியா?" என்றார். பார்க்கவில்லைதான். என் ஏரியை அகப்பையால் மொண்டு மொண்டு, சேறு தெளிய விட்டு, துணியில் வடித்து, தங்கியதைச் செம்பில் அலசினார். செம்பின் வாயைத் துணியால் கட்டினார். அதற்குமேல் காத்திருக்கக் கூடாது, தாமதமானால் அவை சாகும். "கெளம்பு" என்றார். மூன்று பேரும் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தோம். நான் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் ஏறிவிட்டேன். கண்டக்டர் காலையில் ஏசினவரேதான். "காலைல ஐஸ்ஸு, இப்ப தண்ணியா? நாளைக்கு ஆவியா கொண்டாருவீங்களா?" என்றார். என் மாமியார் வழியெல்லாம் செம்பை மடியில் வைத்து, குலுங்காமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார்.

ஐஸ் ஆலை ஊருக்கு வெளியே இருந்தது. வாசலில் இருந்த ஆள் என் கணவரைப் பார்த்ததும், "இன்னா சார், பத்தலியா?" என்றான். விஷயத்தைச் சொன்னோம். அவன் முதலில் ஏதோ மந்திரம் என்று பயந்தான். "மந்திரமெல்லாம் இல்லப்பா. உங்க தண்ணி எங்ககிட்ட வந்துடுச்சு, கொண்டாந்திருக்கேன்" என்றார் மாமியார். அவன் சிரிக்காமல் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வழியில் பெருமையாக, "எங்க ஐஸ்ஸு சீக்கிரம் உருகாதும்மா. மரக்காணத்து மீன் வண்டிக்கெல்லாம் இங்கேர்ந்துதான் போவுது" என்றான். என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மீன் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்காத மாமியார் ஒரு நொடி நின்றார். பிறகு, "அதுக்கு இதுங்க இன்னா பண்ணும், பாவம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கிணறு ஆழம். நான் மேல்கயிற்றைப் பிடித்தேன், அவர் அடிக்கயிற்றைப் பிடித்தார். செம்பு தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டதும் மெல்ல இழுத்தார். அவர் கையில் அவ்வளவு பொறுமை இருந்தது. படிப்பில்லாத பிடிவாதம் என்று நான் மனசுக்குள் வைதுகொண்டிருந்த பெண்மணி, கண்ணுக்குத் தெரியாத எதற்கோ அவ்வளவு தூரம் வந்து குனிந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் செஞ்சி பஸ் வந்தபாடில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் சாப்பிட்டதோடு சரி, ஐஸ் வந்த அமளியில் மத்தியானச் சாப்பாட்டை மூவருமே மறந்திருந்தோம். ஊர் ஊராக அலைகிற வியாபாரி என்று என் கணவருக்கு மட்டும் வீட்டில் இதில் விலக்கு உண்டு. அவருக்குப் பசி பொறுக்கவில்லை. ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை வாங்கினார். அம்மாவிடம் நீட்டக்கூட இல்லை, தெரிந்த விஷயம். என்னிடம் நீட்டினார். எனக்கும் வயிறு கிள்ளியது. ஆனால் விளக்குப் போட்டுவிட்டார்களே என்று வேறு நினைப்பேயில்லாமல் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, செஞ்சி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அது எனக்குத் தெரியாது, கணவர் பிறகு சொன்னார்.

"வந்த வேலை முடிஞ்சுது" என்று கணவர் பொட்டலத்தை மடித்தார்.

"முடியல. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது" என்றார் மாமியார்.

கணவர் செம்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். "காலியா இருக்குதேம்மா."

"செம்புல இல்லடா. இவ." மாமியார் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார். "பாதியில எடுத்தாந்து நம்ம கெணத்துல போட்டுட்டோம். எங்க எடுத்தமோ அங்கயே உடணும் இல்ல? மெட்ராஸ் பஸ்ஸு எங்க நிக்கும், கேட்டு வெச்சிக்க."

என் கணவர் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்து மல்லாட்டை சிதறியது. நான் குனிந்து அதைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

ஜூன் கடைசியில் செஞ்சியிலிருந்து கிளம்பினேன். டிரங்குப் பெட்டியில் புத்தகம் இப்போது மேலே இருந்தது. அதன்மேல் மடித்த வடிதுணிகளும், அடியில் வளையம் வைத்த அந்தச் செம்பும். ஹாஸ்டலில் கிணறு கிடையாது, குழாய்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "கொழாய்த் தண்ணியும் ஏதோ ஏரியிலேர்ந்துதானே வருது? அந்த ஏரி எங்க இருக்குதுன்னு கேட்டுக்க. நீதான் ஏரி படிக்கிறவளாச்சே" என்றார். ஹாஸ்டல்காரர்களிடம் பேசி, எனக்கு மட்டும் பொழுது சாய்வதற்குள் சோறு போட ஏற்பாடு செய்துவிட்டு வரும்படி மகனுக்கு உத்தரவு. அவர் என்னைக் கொண்டுபோய் விடப் பெட்டியோடு முதலில் ஏறிக்கொண்டார்.

எனக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. இத்தனை மாதமாகக் கேட்டுக் கேட்டு வாங்கியதை நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவரிடம், "என்னால முடியுமா அத்தை?" என்றேன்.

"பொழைச்சிக்குவே. கடல்நாயே பொழைச்சிக்கிச்சி" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பஸ் கிளம்பியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். கண்டக்டர் கத்தினார், அவர் காதில் வாங்கவில்லை. "வருஷம் முடிஞ்சதும் வந்துடணும். இங்கயும் உனக்குத் தண்ணி இருக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தார்.